டிவி கேம் ஷோவில் உளறுவதெல்லாம் எழுதிக் கொடுத்ததா? தெரு மேடையில் அந்தச் சிரிப்பு ஏன் வரவில்லை?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொருக்குப்பேட்டையில் உங்கள் தெருப் பசங்க காணும் பொங்கல் ராத்திரி மேடை போட்டு, இரண்டு குடும்பங்களை எதிரெதிரே நிறுத்தி, "நூறு பேரைக் கேட்டோம்" என்று டிவியில் வருகிற மாதிரி ஒரு போட்டி நடத்துகிறீர்கள். போன வருஷம் சிரிப்பே வரவில்லை. யார் முதலில் மணி அடித்தது என்று சண்டை. ஒரு அக்கா மேடையிலேயே அழுதுவிட்டார். "டிவில மட்டும் எப்படி இவ்ளோ காமெடியா உளறுறாங்க, எழுதிக் குடுத்துடுவாங்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். டிவியைப் பற்றிய சந்தேகம் மாதிரி இருந்தாலும், ஒருத்தர் அசடு வழிவது எப்போது சிரிப்பாகிறது, எப்போது அவமானமாகிறது, அதை நடத்துகிறவர் கையில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் இதற்குள் இருக்கிற கேள்வி. முடியும், பெருமளவுக்கு.

முதலில் எழுதிக் கொடுக்கிற விஷயம். பெரிய பணம் பரிசாக இருக்கிற வினாடி வினாவையும், நட்சத்திரங்கள் வந்து ஆடிவிட்டுப் போகிற கலகலப்பு நிகழ்ச்சியையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1950களில் பண வினாடி வினாக்களில் விடையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். 1958ல் அது வெளியே வந்தது. 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் ஜெயித்துப் புகழ்பெற்ற சார்ல்ஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர், 1959ல் நாடாளுமன்றக் குழு முன்னால் அதை ஒப்புக்கொண்டார். 1960ல் அப்படிச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டத்தையே திருத்தினார்கள். ஆகவே அங்கே பணம் புரளும் நிகழ்ச்சியில் ஒருவர் அபத்தமான பதில் சொன்னால், அது அவர் வாயிலிருந்து தானாக வந்தது என்று நம்பலாம். நட்சத்திர நிகழ்ச்சிகளில் ஒத்திகை, முன்பேச்சு எல்லாம் உண்டு. அங்கே பரிசை விடக் கலகலப்புதான் சரக்கு. ஒரு குறிப்பிட்ட உளறல் தானாக வந்ததா, சொல்லி வந்ததா என்று ஒளிபரப்பை மட்டும் பார்த்து யாராலும் சத்தியம் செய்ய முடியாது. எடிட்டிங்கில் மாற்றி வைத்ததை மட்டும் ஓரளவு பிடிக்கலாம். சிரிக்கிற முகத்தைக் காட்டும்போது அவர் கையிலிருக்கும் மைக் இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவியிருந்தால், அந்தச் சிரிப்பு வேறு ஏதோ ஒன்றுக்குச் சிரித்தது.

அதனால் எழுத்தாளரைத் தேடாதீர்கள், விதியைப் பாருங்கள். உளறல் வந்தே தீரும்படி விதியை அமைத்துவிட்டால் மிச்சத்தைப் போட்டியாளரே பார்த்துக்கொள்வார். நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் விஜய் டிவியில் வருஷக்கணக்காக ஓடிய 'அது இது எது'. சிவகார்த்திகேயன் நடத்தி, பிறகு மா.கா.பா. ஆனந்த் நடத்தியது. அதில் 'சிரிச்சா போச்சு' சுற்றில் கலைஞர்கள் காமெடி பண்ணுவார்கள், எதிரே உட்கார்ந்தவர் சிரிக்கக் கூடாது. காமெடி ஒத்திகை பார்த்தது. அடக்க முடியாமல் வெடிக்கிற சிரிப்பு ஒத்திகை பார்த்ததல்ல. சாவு வீட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு வருவது எதனாலோ, அதே காரணம். 'மாத்தி யோசி' சுற்றில் கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத பதிலைச் சொல்ல வேண்டும். "உங்க பேரு என்ன?" என்றால் "தக்காளி" என்று சொல்பவர் தப்பித்தார், பழக்கதோஷத்தில் பேரைச் சொன்னவர் மாட்டினார். இங்கே சரியான பதில்தான் உளறல். எவ்வளவு மலிவான, எவ்வளவு உறுதியான ஏற்பாடு பாருங்கள். 'குரூப்புல டூப்பு' என்ற இன்னொரு சுற்று, வந்தவர்களில் நிஜ ஆள் யார் என்று கண்டுபிடிப்பது; அமெரிக்காவில் 1956லேயே 'டு டெல் தி ட்ரூத்' என்று வந்த அதே வேர்.

நீங்கள் நடத்துவது 'ஃபேமிலி ஃப்யூட்' வகை: நூறு பேர் சொன்ன பதில்களைப் பலகையில் மூடி வைத்து, அவை என்ன என்று குடும்பங்களை ஊகிக்க வைப்பது. 1976 ஜூலையில் அமெரிக்காவில் தொடங்கியது, இடையிடையே நின்றாலும் இன்றும் ஓடுகிறது. இங்கிலாந்தில் அதன் பெயர் 'ஃபேமிலி ஃபார்ச்சூன்ஸ்'. அதில் 1980களில், மேக்ஸ் பைகிரேவ்ஸ் நடத்திய காலத்தில் நடந்த ஒரு கூத்தை அங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கடைசி வேகச் சுற்று. கடற்கரைக்கு எடுத்துப் போகும் பொருள் எது என்ற கேள்விக்கு ஒருவர் "வான்கோழி" என்றார். சூப்பர் மார்க்கெட்டில் முதலில் வாங்குவது எது? "வான்கோழி." உள்ளே மசாலா அடைத்துச் சமைக்கிற உணவு எது? அதற்கும் "வான்கோழி." அரங்கம் புரண்டு சிரித்தது. மூன்றாவது பதில் சரியான பதில் என்பதுதான் இதில் உச்சம்.

அந்த மனிதர் முட்டாள் இல்லை. நேரம் நெருக்கும்போது வாயில் ஒரு சொல் மாட்டிக்கொண்டால், அதை இறக்கி வைக்காமல் அடுத்த சொல்லை எடுக்க முடியாது. குழந்தைகளிடம் "வெள்ளை, வெள்ளை, வெள்ளை" என்று பத்து தடவை சொல்ல வைத்து "மாடு என்ன குடிக்கும்?" என்று கேட்டால் "பால்" என்று வருமே, அதன் பெரியவர் பதிப்பு. அமெரிக்க நிகழ்ச்சியின் வேகச் சுற்றில் 5 கேள்விகள், அவற்றையே ஒரே குடும்பத்து இருவரிடம் ஒருவர் பின் ஒருவராகக் கேட்பார்கள். முதலில் ஆடுபவருக்கு 15 வினாடி, இரண்டாமவருக்கு 20 என்று இருந்தது, பிற்பாடு 20, 25 ஆனது. இரண்டாமவருக்கு அந்த 5 வினாடி கூடுதல் சலுகை மாதிரித் தெரியும். முதல் ஆள் சொன்னதையே அவர் சொல்லிவிட்டால் மணி அடித்து "வேறு சொல்லுங்கள்" என்பார்கள். அந்த மணிச் சத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச நிதானமும் பறந்துவிடும், உளறல் பெரும்பாலும் அங்கேதான் கொட்டும்.

உங்கள் தெருவில் போன வருஷம் ஒரு நிமிஷம் கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பு வராததற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு நிமிஷம் கிடைத்தால் மனுஷன் யோசிப்பான். யோசித்தால் தெரியவில்லை என்பான். தமிழில் ஏழெட்டுச் சொல் கேள்வியை வாசிக்க 3 வினாடி ஆகும். 5 கேள்விக்கு வாசிப்பே 15 வினாடி போய்விடுவதால் 30 வினாடி வையுங்கள். முதல் கேள்வியை வாசித்து முடித்த பிறகு கடிகாரத்தைத் தொடங்குங்கள். கேள்வி வாசிப்பவர் முதல் நாளே ஸ்டாப்வாட்ச் வைத்து நாலு தடவை வாசித்துப் பார்க்கட்டும். திக்கி வாசித்தால் போட்டியாளர் நேரம் போகும், அந்தக் கோபம் நியாயமானது.

இனி அந்த நூறு பேர். இதில்தான் எல்லாரும் சோம்பேறித்தனம் பண்ணுவார்கள். மன்றத்துப் பசங்களே உட்கார்ந்து "பெருவாரி பேரு இப்படித்தான் சொல்லுவாங்க" என்று எழுதிவிட்டால், மேடையில் ஒரு அம்மா சொல்கிற பதில் பலகையில் இருக்காது; கூட்டம் மொத்தமும் அந்த அம்மா பக்கம் நின்று பலகையைத் திட்டும். நிஜமாகவே நூறு பேரைக் கேளுங்கள். நூறு என்பது வெறும் கணக்கு வசதி: 34 பேர் சொன்னால் 34 புள்ளி. ஐந்து பேர் ஆளுக்கு 20 பேர் என்று பிரித்துக்கொண்டால் ரெண்டு சாயங்காலத்தில் முடியும். ரேஷன் கடை வரிசை, டீக்கடை, டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள், மீன் மார்க்கெட், கோயில் திண்ணை என்று இடம் மாற்றிக் கேளுங்கள். ஆண் பாதி, பெண் பாதி. போட்டியிடும் குடும்பத்தில் யாரையும் கேட்கக் கூடாது. ஒருவரிடம் 10 கேள்விக்கு மேல் வேண்டாம், பத்துக்குப் பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள். "இதுவா, அதுவா" என்று விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

பிறகு ஒரே பொருள் உள்ளதைச் சேர்க்க வேண்டும். "செல்போன்", "ஃபோனு", "மொபைல்" மூன்றும் ஒன்று, தகராறு இல்லை. "மீன் குழம்பு"ம் "வஞ்சிரக் குழம்பு"ம் ஒன்றா? "துணி"யும் "அழுக்குத் துணி"யும்? இதை மேடையில் முடிவு பண்ணப் போனால் சண்டை நிச்சயம். எதை எதோடு சேர்த்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, போட்டியில் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். மேடையில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒரே ஒருவர் சொன்ன பதிலை விட்டுவிடுங்கள், ரெண்டு பேராவது சொன்னதுதான் பலகைக்கு. ஒரு கேள்விக்கு நாலிலிருந்து ஏழு பதில்வரை தேறினால் நல்ல கேள்வி. முதல் பதிலுக்கு 25லிருந்து 45 புள்ளிவரை வந்தால் ஆட்டம் சூடாக இருக்கும். ஒரே பதில் 60ஐத் தாண்டினால் முதல் ஆளே ஜெயித்துவிடுவார். எல்லாமே 15க்குக் கீழே என்றால் குருட்டாம்போக்கு. இந்த எண்கள் சட்டமல்ல, அனுபவக் கணக்கு. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

எப்படிப்பட்ட கேள்வி சிரிப்பு தரும்? பதில் சொல்பவர் தன் வீட்டு ரகசியத்தைத் தெரியாமல் அவிழ்த்துவிடுகிற கேள்வி. "திடீர்னு விருந்தாளி வந்தா முதல்ல ஒளிச்சு வெக்கிற பொருள் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலகையில் அழுக்குத் துணி, தின்பண்டம், பர்ஸ், சார்ஜர் என்று இருக்கும். மைக் பிடித்த ஆயா "சீட்டுப் பணம்" என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிற மருமகள் முகம் போகிற போக்குக்கே கூட்டம் சிரிக்கும். "கரண்டு போனா முதல்ல கேக்கற சத்தம்", "வீட்ல தேடித் தேடிக் கிடைக்காத பொருள்", "பீச்சுக்குப் போனா மறந்துட்டு வர்ற பொருள்" எல்லாம் இந்த ரகம். 'எது' என்று கேளுங்கள், 'யார்' என்று கேட்காதீர்கள். "வீட்ல ரொம்ப சோம்பேறி யாரு?" என்ற கேள்வி டிவியில் ஓடும். அங்கே ஆடியவர் ஷூட்டிங் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். உங்கள் தெருவில் ஆடியவர் மறுநாள் காலை அதே மெட்ரோ வாட்டர் லாரி வரிசையில் அதே ஆட்களோடு நிற்க வேண்டும். குடி, கடன், உடம்பு, கல்யாணம் ஆகாதது, குழந்தை இல்லாதது, சாதி ஆகியவற்றை ஒட்டி வருகிற கேள்வியைக் கண்ணை மூடிக்கொண்டு நீக்குங்கள். ஸ்டீவ் ஹார்வி 2010ல் தொகுப்பாளராக வந்த பிறகு அமெரிக்க நிகழ்ச்சியில் இரட்டை அர்த்தம் வரும்படியே கேள்விகளைச் சரித்து எழுதுகிறார்கள், அது அங்கே நன்றாகவே விலை போகிறது. குழந்தைகளும் பாட்டிகளும் தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் அதைப் பார்த்து எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

ஆனால் ஹார்வியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அபத்தமான பதில் வந்ததும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அப்படியே நிற்பார். பதில் சொன்னவரைப் பார்ப்பார், கூட்டத்தைப் பார்ப்பார், மறுபடி அவரைப் பார்ப்பார். சிரிப்பு முழுக்க அந்த மௌனத்தில் கிளம்புகிறது. நம் மேடை ஆங்கர்கள் செய்கிற பெரிய தப்பு, பதில் வந்த மறுநொடியே "என்னக்கா இப்டி சொல்லிட்டீங்க, ஹ ஹ ஹா" என்று தாங்களே சிரித்துக் கூட்டத்தின் சிரிப்பை விழுங்கிவிடுவது. உங்கள் ஆங்கருக்கு நான் சொல்வது: பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் திருப்பிச் சொல். மனசுக்குள் ரெண்டு எண்ணு. பிறகு பலகையைப் பார்த்து "இருக்கா?" என்று கேள். 'தப்பு' என்ற சொல் ஆங்கர் வாயிலிருந்து வரவே கூடாது, அதைப் பலகை சொல்லட்டும். "எங்க, ஒரு பாட்டு பாடுங்க", "புருஷனுக்கு ஐ லவ் யூ சொல்லுங்க" என்று வற்புறுத்துவதும் வேண்டாம். தொடுவது வேண்டவே வேண்டாம். ஃபேமிலி ஃப்யூடின் முதல் தொகுப்பாளர் ரிச்சர்ட் டாசன், வருகிற பெண் போட்டியாளர்களுக்கெல்லாம் முத்தம் கொடுப்பார்; அன்றைக்கு அது அவர் முத்திரையாகவே இருந்தது. இன்று அதே காட்சியைப் பார்த்தால் நமக்கு நெளிகிறது.

அழுத அக்கா விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் யாரும் தப்பான பதில் சொன்னதற்காக அழுவதில்லை. தனியாக நிற்கவிட்டு, "இதுகூடத் தெரியலயா?" என்ற சத்தம் கீழேயிருந்து வரும்போது, அதைத் தன் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்று உறைக்கும்போது அழுகை வருகிறது. இதைத் தடுக்கிற ஏற்பாடு அந்த விளையாட்டின் விதியிலேயே இருக்கிறது: மூன்று தப்பானால் வாய்ப்பு போகும், ஆனால் அது குடும்பத்தின் கணக்கு, ஆளின் கணக்கு அல்ல. ஒருவர் ஒரு பதில் சொன்னதும் மைக் அடுத்தவருக்குப் போய்விட வேண்டும். நீங்கள் போன வருஷம் தப்பு சொன்னவரை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள், அந்த விதியைத் தூக்கிவிடுங்கள். தனியாக நின்று ஆட வேண்டிய வேகச் சுற்றுக்கு, தானாகக் கை தூக்குகிற இருவரை மட்டும் அனுப்புங்கள்.

யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1972லிருந்து ஓடிக்கொண்டிருக்கும், பொருளின் விலையை ஊகிக்க வைக்கிற 'தி ப்ரைஸ் இஸ் ரைட்' நிகழ்ச்சிக்குப் பார்வையாளராக வருகிறவர்களிலிருந்துதான் போட்டியாளரை எடுப்பார்கள். உள்ளே விடுவதற்கு முன் வரிசையில் நிற்கும் எல்லாரிடமும் தயாரிப்பாளர் சில வினாடி பேசிப் பார்ப்பார். அவர் பார்ப்பது அறிவை அல்ல. கலகலப்பாகப் பேசுகிறாரா, கூட நிற்பவர்களோடு ஒட்டுகிறாரா என்பதை. நீங்களும் ஒவ்வொரு குடும்பத்திடமும் முன்கூட்டி அஞ்சு நிமிஷம் பேசுங்கள். தன் தப்பைத் தானே சொல்லிச் சிரிக்கிறவர் முதல் இடம். வீட்டுக்காரர் தள்ளிவிட்டதால் வந்தவர் மூன்றாவது இடம், அதாவது நடுவில்; ரெண்டு பக்கமும் ஆள் இருந்தால் பயம் பாதியாகும். போன வருஷம் அழுத அக்கா இந்த வருஷம் வர மாட்டார் என்றால், விருப்பமிருந்தால் பலகையின் மூடியைத் திறக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். மேடையில் எல்லாரும் எதிர்பார்த்து நிற்கிற ஆள் அவர்தான்.

மணிச் சண்டைக்கு மருந்து எளிது, கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். முதலில் அமுக்கியவர் விளக்கு எரிந்ததும் மற்றவர் இணைப்பு அறுந்துபோகிற சர்க்யூட்டை எந்த எலக்ட்ரீஷியனும் அரை நாளில் கட்டிக் கொடுப்பார். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, 8 பின் உள்ள 12 வோல்ட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இரண்டு, சாக்கெட்டோடு, காலிங் பெல் சுவிட்ச் இரண்டு, 12 வோல்ட் எல்இடி விளக்கு இரண்டு, பஸ்ஸர் ஒன்று, 1என்4007 டயோடு இரண்டு, அமுக்கினால் இணைப்பு விடுகிற வகை ரீசெட் சுவிட்ச் ஒன்று. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு நடையில் எல்லாம் வாங்கிவிடலாம். அடாப்டரின் பிளஸ் முதலில் ரீசெட் சுவிட்ச் வழியே வரட்டும். அங்கிருந்து முதல் குடும்பத்து சுவிட்ச், அதிலிருந்து இரண்டாவது ரிலேயின் என்சி (ரிலே இயங்காதபோது இணைந்திருக்கும்) முனை, அதிலிருந்து முதல் ரிலேயின் காயில், காயிலின் மறுமுனை மைனஸ். முதல் ரிலேயின் இன்னொரு ஜோடியின் என்ஓ (ரிலே இயங்கும்போது மட்டும் இணையும்) முனையை அந்த சுவிட்சுக்கே இணையாகக் கட்டினால் கையை எடுத்த பிறகும் ரிலே பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது குடும்பத்துக்கும் இதையே மாற்றிப் போடுங்கள். விளக்கு அவரவர் காயிலுக்கு இணையாக. பஸ்ஸருக்கு ரெண்டு காயிலிலிருந்தும் ஒவ்வொரு டயோடு, வெள்ளிக் கோடு பஸ்ஸர் பக்கம். "டயோடு எதுக்கு, நேரா குடுத்துடலாமே" என்று சொல்பவரை நம்பாதீர்கள். டயோடு இல்லாவிட்டால் மின்சாரம் பஸ்ஸர் முனை வழியே மறுபக்கம் போய் ரெண்டு விளக்கும் எரியும், சண்டை பழையபடி தொடங்கும். ரெண்டு பேரும் நூலிழை வித்தியாசம் இல்லாமல் அமுக்கினால் ரிலே படபடக்கும். அரிதுதான், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். காலிங் பெல் சுவிட்சை அப்படியே மேசையில் ஒட்டினால் ரெண்டாவது அடியில் உடையும். அரை இஞ்ச் பலகையில் திருகிப் பலகையை மேசையோடு கட்டுங்கள்.

'ஜெப்பர்டி' என்ற அமெரிக்க வினாடி வினாவில் கேள்வியை வாசித்து முடிப்பதற்கு முன் அமுக்கினால் கால் வினாடி பூட்டிவிடும், அறிவுப் போட்டிக்கு அது நியாயம். உங்களுக்கு அது வேண்டாம். பாதியில் அமுக்கட்டும், வாசிப்பவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடட்டும். "காலையில எழுந்ததும் பல்லு..." என்று நின்ற இடத்தில், "பிரஷ்!" என்று ஒருவர் கத்துவார். கேள்வியின் மிச்சம் "...விளக்காம நீங்க செய்ற முதல் வேலை" என்று இருக்கும்.

உச்சரிப்பு. மறைந்திருக்கும் சொற்றொடரை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடிக்கிற அமெரிக்க நிகழ்ச்சியான 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்'இல் 2014ல் ஒரு கல்லூரி மாணவர், எல்லா எழுத்தும் திறந்து கண் முன்னால் இருந்த 'அகிலிஸ்' என்ற கிரேக்க வீரன் பெயரை 'அச்சிலஸ்' மாதிரி வாசித்துத் தோற்றார். 2012ல் ஒரு பெண் ஒரு சொல்லின் கடைசி ஒலியைப் பேச்சுவழக்கில் விழுங்கிவிட்டதால் தோற்றார். விதிப்படி சரி, பார்த்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். அந்த விதியை நம் பக்கம் கொண்டுவந்தால் வண்ணாரப்பேட்டை முழுக்க ஒரே நாளில் தோற்றுவிடும். "வாயப்பயம்" என்று சொன்னால் வாழைப்பழம்தான், புள்ளி கொடுங்கள், திருப்பிச் சொல்லும்போது ஆங்கர் திருத்தவும் கூடாது. திருத்தினால் அது கிண்டல்.

நடத்துகிறவர் செய்கிற தப்பும் வரும். ப்ரைஸ் இஸ் ரைட்டில் 2015ல் மாடல் ஒருவர், ஆட்டம் முடிவதற்கு முன்பே பரிசுக் காரின் சரியான விலைச் சீட்டைத் தவறுதலாக எடுத்துக் காட்டிவிட்டார். போட்டியாளருக்குக் காரைக் கொடுத்துவிட்டார்கள். அதே நிகழ்ச்சியில், மேலிருந்து வில்லையைப் போட்டுப் பரிசுக் குழியில் விழ வைக்கிற 'ப்ளிங்கோ' பலகையில், வில்லை பெரிய குழியிலேயே விழும்படி விளம்பரப் படத்துக்காகக் கட்டிய தங்கூஸ் நரம்பை அவிழ்க்க மறந்துபோனார்கள். ஒரு பெண் போட்ட வில்லை மூன்றும் வரிசையாக 10,000 டாலர் குழியில் போய் விழுந்தன. ஆட்டத்தை நிறுத்தி, அந்த 30,000 டாலரையும் அவருக்கே கொடுத்துவிட்டு, முதலிலிருந்து ஆட வைத்தார்கள். இதைத்தான் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்: நம்ம தப்பு, அவங்க லாபம். மூடி தவறித் திறந்துவிட்டதா, அந்தப் புள்ளி ஆடுகிற குடும்பத்துக்கு. இதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மைக்கில் சொல்லிவிடுங்கள்.

கீழேயிருந்து சைகை காட்டுவது உங்கள் தெருவில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தின் 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியில் 2001ல் சார்ல்ஸ் இங்கிரம் என்ற ராணுவ மேஜர் பத்து லட்சம் பவுண்ட் ஜெயித்தார். சரியான விடையை அவர் வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் ஒருவர் இருமியதாக வழக்கு, 2003ல் தண்டனை. உங்களுக்குப் போலீஸ் வேண்டாம், நாற்காலியைத் திருப்பிப் போட்டால் போதும். ஆடாத சொந்தக்காரர்களைப் போட்டியாளரின் முதுகுப் பக்கம் உட்கார வையுங்கள். வேகச் சுற்றில் முதல் ஆள் ஆடும்போது இரண்டாமவரைக் கேட்காத தூரத்துக்கு, ஒரு துணைக்காரரோடு அனுப்புங்கள். கூம்பு ஸ்பீக்கர் கட்டினால் ரெண்டு தெரு தள்ளியும் கேட்கும், அதனால் அவர் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போட்டுவிடுங்கள்.

சவுண்டுக்காரர் கையில் வடிவேலு வசனமெல்லாம் தயாராக இருக்கும், ஒவ்வொரு தப்புக்கும் ஒன்று தட்டுவார். டிவியில் அதை எடிட்டிங்கில், கூட்டத்தின் சிரிப்பு அடங்குகிற இடம் பார்த்து வைக்கிறார்கள். மேடையில் நேரடியாகத் தட்டினால் இயல்பான சிரிப்பை அது மூடிவிடும். தப்பு சொன்னவருக்கு ஊரே சேர்ந்து திட்டுவதுபோலக் கேட்கும். ஆங்கர் சொதப்பும்போது மட்டும் தட்டச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும், பின்னால் இருந்தால் கீச்சென்று கத்தி அந்த ரெண்டு வினாடி மௌனத்தைக் கெடுக்கும். இன்னொன்று, டிவியில் ஆடுகிறவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார். உங்கள் தெருவில் அப்படி யாரும் போடவில்லை. உளறிய வீடியோவை அவரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது என்று மைக்கில் ரெண்டு தடவை சொல்லுங்கள்.

நேரக் கணக்கு: நாலு குடும்பம், ரெண்டு அரையிறுதி, ஒரு இறுதி. ஒவ்வொன்றும் 25லிருந்து 30 நிமிஷம் பிடிக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, காவல் நிலையத்தில் வாங்குகிற அனுமதியும் அதற்குள்தான். ஏழரைக்கு ஆரம்பித்தால் பரிசு கொடுக்க நேரம் மிஞ்சும், எட்டரைக்கு ஆரம்பித்தால் இறுதிச் சுற்று பத்து மணியை ஒட்டித்தான் முடியும், பரிசை மைக் இல்லாமல் கொடுக்க வேண்டியிருக்கும். உபரியாக நாலு கேள்வி எடுத்து வைத்திருங்கள், சமன் ஆனால் ஒன்று போகும், ரிலே படபடத்தால் இன்னொன்று போகும்.